ஈ63-ஆ, 8520-ஆ? பொத்தான் போனும் தீப்பெட்டித் திரையும்

கேள்வி, 10 ஜனவரி 2025

பழைய போன் ஒன்று வாங்கி, அதில் குறிப்புகள் எழுதிப் பழகலாம் என்று பார்க்கிறேன். நோக்கியா ஈ63 நல்லதா, பிளாக்பெர்ரி கர்வ் 8520 நல்லதா? என் நண்பரோ பொத்தான் போன் உசத்தி என்பதெல்லாம் வெறும் பழைய நினைப்பு என்கிறார். அந்தத் தீப்பெட்டித் திரையில் ஒரு பக்கம் கூட உருப்படியாகப் படிக்க முடியாதாம். இரண்டையும் வைத்திருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

11 ஜனவரி 2025, காலை

இரண்டையும் வைத்திருந்தேன். ஈ63 என் காசு, 2009. 8520 வேலையில் கொடுத்தது, 2011. அப்போது நான் மெடிக்கல் ரெப். திருச்சியில் வீடு, துறையூர், பெரம்பலூர், அரியலூர் என்று வண்டியில் சுற்றல்.

ரெப் வேலைக்கும் பொத்தானுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். மருந்துக் கடையில் ஆர்டர் எடுத்ததும் அங்கேயே நின்று ஸ்டாக்கிஸ்டுக்கு, அதாவது சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிக்கு, எஸ்எம்எஸ் அடிக்க வேண்டும். மதியம் ஒரு மணி வெயில், ஒரு கையில் பை, கழுத்தில் டை, நெற்றி வியர்வை திரையில் சொட்டும். இந்த நிலையில் எந்த போன் நல்ல போன் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே பரீட்சை.

அந்தப் பரீட்சையில் ஈ63 முதல் மார்க். பொத்தான்கள் ஒன்றோடொன்று ஒட்டி இருந்தாலும் ஒவ்வொன்றும் நடுவில் லேசாக உப்பி இருக்கும். கட்டைவிரல் நுனி சறுக்கி அடுத்ததற்குப் போனால் உடனே தெரிந்துவிடும். அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன "டக்". கீபேடுக்கு அடியில் வட்ட வட்டமாக உலோகக் குமிழ்கள் ஒட்டிய ஒரு ஷீட் உண்டு. அந்தக் குமிழ் குழிந்து போர்டைத் தொடும்போது வரும் சத்தம் அது. விரலுக்கு அதுதான் ரசீது.

திரையும் வெயிலில் கருக்காது. பின்னால் இருந்து வரும் விளக்கை மட்டும் நம்பாமல், மேலே விழும் வெயிலையே கொஞ்சம் திருப்பி அனுப்பும் வகைத் திரை. இன்று என் கையில் இருக்கும் போனை உச்சி வெயிலில் பார்த்தால் என் முகம்தான் தெரிகிறது. அது பார்க்கிற மாதிரியும் இல்லை.

8520-இன் பொத்தான்கள் தனித்தனியாக, நடுவில் இடைவெளி விட்டு இருக்கும். ஆங்கிலத்தில் நீளமாக மெயில் அடிக்க அது சுகம். ஸ்பேஸை இரண்டு தடவை தட்டினால் முற்றுப்புள்ளி வந்து, அடுத்த எழுத்து தானாகப் பெரிய எழுத்தாகும். பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருந்தாலும் பெரிய எழுத்து. யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

இருந்தாலும் என் ஓட்டு ஈ63-க்கு. திரை சின்னது, ஒப்புக்கொள்கிறேன். தொடுதிரை போன்களின் கூர்மை அதற்கு வராது.

11 ஜனவரி 2025, இரவு

எண்களை மறந்துவிட்டேன். ஆர்டர் என்றால் பாதி எண்தானே.

ஈ63-இல் 1, 2, 3 மூன்றும் ஆர், டி (T), ஒய் மேல் இருக்கும். அதாவது கீபேடின் நடுவில். 5 ஜி-யில். 8520-இல் எல்லாம் இடது ஓரம்: டபிள்யூ, இ, ஆர் மேல் 1, 2, 3; 5 என்பது டி-யில் (D). பழைய பன்னிரண்டு பொத்தான் போனிலிருந்து வந்தவனுக்கு 5 நடுவில் இருந்தால்தான் கை நம்பும்.

8520 வந்த முதல் வாரம், எழுத்தை எண்ணாக மாற்றும் ஆல்ட் பொத்தானை அழுத்த மறந்து 10 பெட்டி என்று அடித்தேன். ஸ்டாக்கிஸ்ட் போன் செய்து, "சார், டபிள்யூ சைபர் பெட்டின்னா எத்தனை சார்?" என்றார். கடைசி வரைக்கும் அவருக்கு நான் டபிள்யூ சைபர்தான்.

13 ஜனவரி 2025, போகி

இன்று பரணில் இருந்து பெட்டி இறங்கியது. போகிக்கு வீட்டம்மா கொடுத்த பட்டியலில் முதல் வரி: "அந்த போன் குப்பை". குப்பை தப்பித்தது, இப்போது மேசையில். நோக்கியா 1100, 1600, ஈ63, 8520, அப்புறம் மச்சானிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்காத 5800.

1100-ஐப் பற்றி ஒரு வார்த்தை. இது 2003-இல் வந்த போன்; உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. இதன் கீபேட் ஒரே ரப்பர் துண்டு. பொத்தானுக்குப் பொத்தான் சந்து கிடையாது, தூசி உள்ளே போக வழியே இல்லை. அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைச் சாலைகளில் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்த வெள்ளைப் பொடி ஈ63-இன் சந்துகளில் இறங்கி, ஒரு வருடத்தில் எல் பொத்தான் இரண்டு தட்டுக்கு ஒரு தடவைதான் கேட்டது. 1100 அதே பையில், அதே சாலையில் ஐந்து வருடம் இருந்தது. இன்றும் எல்லாப் பொத்தானும் வேலை செய்கிறது. எண்கள் மட்டும் அழிந்துவிட்டன.

ஆக, பொத்தான் என்று பொதுவாகச் சொன்னது தப்பு. முழுக் கீபோர்டுக்கு ஆயுள் குறைவு. முப்பத்துச் சொச்சம் பொத்தான், அத்தனை சந்து.

13 ஜனவரி 2025, இரவு

1100-இல் டி9-ஐ ஆன் செய்து விளையாடிக்கொண்டிருக்கிறேன். எழுத்துக்கு ஒரு தட்டு தட்டினால் போதும், என்ன சொல் என்று போனே ஊகிக்கும் வசதி அது. ஒருவர் கேட்டிருந்தார், டி9 இருக்கும்போது முழுக் கீபோர்டு எதற்கு என்று. ஆங்கிலம் எழுதுகிறவருக்குச் சரி. நாம் எழுதியது ஆங்கில எழுத்தில் தமிழ். டி9-க்கு அது எந்த மொழி என்றே தெரியாது.

அம்மா என்று அடிக்க 2, 6, 6, 2. அண்ணா என்று அடிக்கவும் 2, 6, 6, 2. எம்மும் (M) என்னும் (N) ஒரே பொத்தானில் இருப்பதால் வந்த வினை. என் போனில் அண்ணாதான் முதலில் வரும். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நாளில், "அண்ணாவுக்கு சுகர் 300, சீக்கிரம் வா" என்று தம்பிக்கு அனுப்பினேன். அவனுக்கு இருக்கும் ஒரே அண்ணன் நான். பதறிப்போய் எனக்கே போன் செய்து, "நீ எப்படி இருக்கே?" என்றான்.

டி9-ஐ அணைத்துவிட்டுப் பழையபடி தட்டலாம். வணக்கம் என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்க 13 தட்டு. நடுவில் கே இரண்டு முறை வருவதால் ஒரு தடவை நின்று மூச்சு விட்டுத்தான் தொடர வேண்டும். ஈ63-இல் எட்டுத் தட்டு, நிற்க வேண்டாம். நான் 2009-இல் காசு கொடுத்தது இந்த ஐந்து தட்டு வித்தியாசத்துக்காகத்தான்.

15 ஜனவரி 2025

நான் 11-ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். தொடுதிரைக் கூர்மை ஈ63-க்கு வராது என்றேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. ஈ63-இன் திரை 2.36 அங்குலம், 320-க்கு 240 புள்ளிகள். அங்குலத்துக்கு ஏறக்குறைய 169 புள்ளி வருகிறது. 2007-இல் வந்த முதல் ஐபோன் 3.5 அங்குலம், 480-க்கு 320, அதற்கு ஏறக்குறைய 165. ஒரு மயிரிழை நம்ம ஆள்தான் கூர்மை! பிளாக்பெர்ரி போல்ட் 9900 இன்னும் மேலே: 2.8 அங்குலத்தில் 640-க்கு 480, அதாவது 286-க்குப் பக்கம்.

ஆகவே குறை கூர்மையில் இல்லை, பரப்பில். முகத்தின் கீழ்ப்பாதியைக் கீபோர்டு எடுத்துக்கொண்டால் திரைக்கு மிஞ்சுவது குறுக்குவாட்டில் ஒரு தீப்பெட்டிதான். கேட்டவரின் நண்பர் சொன்ன சொல் சரி, சொன்ன காரணம் வேறு.

ஆங்கிலத்துக்கு அந்தத் தீப்பெட்டி போதும். தமிழ் எழுத்து அகலம். ணை, ஞை, கௌ என்று வந்தால் ஒவ்வொன்றும் கால் நீட்டி உட்காரும். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வரிக்கு மூன்று நான்கு சொல்தான்.

அதுவும் சும்மா வராது. ஈ63-இல் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். நினைவிருக்கிறதா, இணையம் பார்க்க வைத்திருந்த ஓபரா மினியில் முகவரி இடத்தில் ஓபரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று அடித்து உள்ளே போய், கடைசிப் பக்கம் வரை இறங்கி, சிக்கலான எழுத்துகளுக்குப் படவடிவ எழுத்துரு என்ற இடத்தில் "எஸ்" போடுவோம். அதன்பிறகு ஓபராவின் சர்வரே தமிழைச் சின்னச் சின்னப் படமாக வரைந்து அனுப்பும். முதல் தடவை கட்டமெல்லாம் போய் ஒரு பதிவு முழுக்கத் தமிழில் வந்தபோது பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் டீயை ஆறவிட்டுப் படித்தேன். வெறும் படம் என்பதால் ஒரு வரியைக் கூட நகல் எடுக்க முடியாது.

16 ஜனவரி 2025, காணும் பொங்கல்

வாழ்த்து வாட்ஸாப்பில் குவிகிறது. முன்பெல்லாம் இதற்குக் காசு.

தமிழ் எழுத்தில் ஏன் எஸ்எம்எஸ் அனுப்பவில்லை என்று ஒரு இளைஞர் கேட்கிறார். தம்பி, ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழ் ஒன்று கலந்தாலும் அது 70 ஆகிவிடும். அந்த 70-உம் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. பொங்கல் நல்வாழ்த்துகள் என்பதை எண்ணிப் பாருங்கள், நம் கணக்கில் 12 எழுத்து. போனின் கணக்கில் ஒவ்வொரு புள்ளியும் காலும் தனி ஆள், நடுவில் விட்ட இடமும் ஒரு ஆள், மொத்தம் 22. இரண்டு சொல்லுக்கே மூன்றில் ஒரு பங்கு போச்சு. பெயரும் ஊரும் போட்டால் இரண்டாவது எஸ்எம்எஸ். இரண்டாக உடைந்தால் ஒட்டும் விவரத்துக்காக ஒவ்வொன்றிலும் இன்னும் மூன்று குறைந்து 67. அப்போதெல்லாம் தீபாவளி, புத்தாண்டு மாதிரி நாள்களில் எஸ்எம்எஸ் பேக்கும் செல்லாது. ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு.

தமிழில் எழுத ஆசை இல்லாமல் இல்லை. கட்டுப்படி ஆகவில்லை.

18 ஜனவரி 2025

இன்று வீட்டில் பந்தயம். பார்க்காமலே அடிப்பேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்ததால் மகள் (பிளஸ் ஒன்) சவால் விட்டாள். "ராத்திரி சாப்பாட்டுக்கு வரேன், தோசை போதும், சட்னி காரமா வேணும்" என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். அவள் அவளுடைய போனில், நான் ஈ63-இல்.

கண் திறந்து: அவள் 14 நொடி, நான் 31. இதில் எனக்கு வருத்தமில்லை, வயது ஐம்பது.

கண்ணைக் கட்டிக்கொண்டு: அவள் 16 நொடி, எழுதியது ஒன்றும் புரியவில்லை. நான் 48 நொடி, நான்கு பிழை. தோசை "தோடை" ஆகியிருந்தது. ஏ-வுக்குப் பக்கத்தில் இருக்கும் எஸ்ஸை விட்டு அதையும் தாண்டி டி-யை அழுத்தியிருக்கிறேன். நான்கு பிழைதான், ஆனால் பிழையே வராது என்றல்லவா பீற்றினேன். 2009-இல் வந்திருக்காது. பதிமூன்று வருடம் தொடுதிரைக் கண்ணாடியில் தடவியதில் கை மறந்துவிட்டது.

மகளின் தீர்ப்பு: "அப்பா, உங்க போன்ல அடிச்சா எனக்குப் பல்லாங்குழி ஞாபகம் வருது."

அந்தக் காலத்தில் கை எவ்வளவு நினைவில் வைத்திருந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எல் பொத்தான் போனபின் ஒரு கடையில் கொடுத்து கீபேட் மாற்றினேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பத்து நாள் கழித்து மருந்துக் கடைக்காரர் ஒருவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார், துபாய் போயிட்டு வந்தீங்களா?" என்றார். பார்த்தால் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்திலேயே அரபி எழுத்தும் அச்சிட்ட கீபேட்! பத்து நாள் ஆர்டர் அடித்திருக்கிறேன், ஒரு நாளும் கீழே குனிந்து பார்க்கவில்லை.

19 ஜனவரி 2025

அந்த அரபிக் கீபேடைப் பற்றி நேற்று எழுதியபின் தூக்கம் வரவில்லை. நான் இதுவரை சொன்னதற்கு எதிராக அது ஒன்று சொல்கிறது.

அரபிக்காரர் அதைப் பார்த்து அரபியில் அடிக்கலாம். அவருக்கென்று ஒருவர் எழுத்தை அச்சிட்டிருக்கிறார். என் ஈ63-இல் தமிழ் எழுத்து ஒன்று கூட இல்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம், அப்புறம் ஜ, ஷ, ஸ, ஹ. அந்த முப்பத்துச் சொச்சம் பொத்தானில் ஆங்கிலமும் எண்ணும் குறிகளும் போக இவற்றுக்கு இடம் எங்கே?

எனக்கு முழு வரி தமிழில் அடிக்கக் கிடைத்தது கண்ணாடியில்தான். 2013-இல் ஐபோனில் ஐஓஎஸ் 7-உடன் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் சேர்ந்தே வந்தன. ஆண்ட்ராய்டில் செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலி போட்டேன். கண்ணாடியில் எழுத்து அச்சிட்டிருக்காது என்பதால் வேண்டியபோது தமிழாகும், வேண்டாதபோது ஆங்கிலமாகும். தமிழ்99-இல் உயிரெல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. க-வை இரண்டு தடவை தட்டினால் முதல் க-வுக்குத் தானே புள்ளி விழுகிறது. அம்மாவுக்கு அம்மா என்றே வருகிறது. தம்பி பதற வேண்டியதில்லை.

பொத்தான் போனை ஏற்றிப் பேசும் இந்தப் பதிவுகளைக் கூட நான் கண்ணாடியில் தடவித்தான் எழுதுகிறேன். ஈ63-இல் எழுதியிருந்தால் நீங்கள் யாரும் படித்திருக்க மாட்டீர்கள், நானும் எழுதியிருக்க மாட்டேன்.

19 ஜனவரி 2025, பத்து நிமிடம் கழித்து

கட்சி மாறிவிட்டேன் என்று எழுதியவருக்கு: மாறவில்லை. ஆர்டர் அடிக்க ஈ63, அம்மாவுக்கு எழுத கண்ணாடி. ஆர்டரில் தமிழ் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

22 ஜனவரி 2025

5800-ஐச் சார்ஜ் போட்டதில் உயிர் வந்துவிட்டது. இதுவும் தொடுதிரைதான், ஆனால் தொட்டால் கேட்காது, அழுத்த வேண்டும். மேலே ஒரு படலம், கீழே ஒன்று. மேல் படலம் குழிந்து கீழே பட்டால்தான் தெரியும். நகத்தால் கீறலாம், பேனா மூடியால் குத்தலாம். கூடவே ஒரு குச்சியும் கிடார் மீட்டும் வில்லை மாதிரி ஒன்றும் கொடுத்தார்கள். இப்போதைய கண்ணாடி அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, விரல் தோலின் மின் தன்மையைத்தான் உணர்கிறது. அதனால் பூப்போலத் தொட்டால் போதும். மழைத்துளி விழுந்தால் அதையும் விரல் என்று நினைத்துக்கொள்ளும்.

மழையில் நின்று 5800-இல் அடித்திருக்கிறேன், வேலை செய்தது. ஆனாலும் பொத்தானின் "டக்" இல்லை, கண்ணாடியின் வழுக்கலும் இல்லை. இரண்டிலும் கெட்டதைப் பொறுக்கி எடுத்துச் செய்த மாதிரி. மச்சான் திருப்பிக் கேட்காததற்குக் காரணம் இன்றுதான் புரிந்தது.

23 ஜனவரி 2025

நேற்று இரவு மின்சாரம் போனது. மேசையில் இருந்த ஐந்து போனில் கை போனது ஈ63-க்கு. ஸ்பேஸ் பொத்தானைப் பிடித்து அழுத்தினால் பின்னால் டார்ச் எரியும். திரையைத் திறக்க வேண்டாம், பூட்டை நீக்கிப் படத்தைத் தேட வேண்டாம். இதை எழுத வேண்டும் என்று தோன்றியது, வேறொன்றுமில்லை.

26 ஜனவரி 2025

கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். இவ்வளவு படித்தும் எதை வாங்குவது என்று தெரியவில்லையாம். நியாயம்தான்.

8520 வேண்டாம். அதன் பழைய இயங்குதளத்துக்கான சேவைகளை பிளாக்பெர்ரி 2022 ஜனவரி 4-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் கூட ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். பொத்தானைத் தட்டிப் பார்த்து ரசிக்கத்தான் உதவும்.

ஈ63 என்றால் 2ஜி உள்ள சிம் வேண்டும். ஜியோ போட்டால் எடுக்காது, அது 4ஜியிலிருந்துதான் தொடங்கும். சின்ன சிம்மை அடாப்டரில் பொருத்திப் போடும்போது ஓரத்தில் செலோடேப் ஒட்டுங்கள். ஒட்டாமல் போட்டு, உள்ளே மாட்டி, பல் குத்தும் குச்சியால் ஒரு மணி நேரம் போராடியவன் சொல்கிறேன். வாட்ஸாப் எதிர்பார்க்காதீர்கள், அந்த வகை போன்களுக்கு 2017 நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். எழுதுவது தமிழ் என்றால் ஈ63-உம் வேண்டாம். ஆங்கிலக் குறிப்பு, கணக்கு, பேச்சு என்றால் தாராளமாக வாங்கலாம்.

கடையில் ஒவ்வொரு பொத்தானையும் பத்து தடவை அழுத்திப் பாருங்கள், முக்கியமாக எல், ஸ்பேஸ். கீபேடில் எந்த எழுத்து அச்சிட்டிருக்கிறது என்றும் பாருங்கள். அப்புறம் பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்து ஒரு ஓரத்தில் சுண்டுங்கள். தட்டையாக நகர்ந்து நின்றால் சரி. பம்பரம் மாதிரி சுற்றினால் உள்ளே உப்பியிருக்கிறது, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். என்னுடையது இன்று காலை மூன்று சுற்று சுற்றியது.